நீதிபதியை யார் தெரிவு செய்தது?

2018 செப்டம்பரில் ரொறன்ரோ மாநகரசபை உறுப்பினர் தொகையை 47இல் இருந்து 25 ஆகக் குறைத்த சட்டம் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட்டுக்குக் கோபம். தான் மக்களால் தெரிவானவர், நீதிபதி நியமனம் பெற்றவர் என்றார். உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பாவித்துத் தீர்ப்பை ஒதுக்குவேன் என்று வெருட்டினார். மார்க்கத்தில் எங்கட ஆக்கள் பலரும் தலையாட்டினார்கள். ஆனால் அதே ஆண்டு, மத்திய அரசின் கார்பன் வரிச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியதும் ஃபோர்ட்டின் அரசுதான். மத்திய நாடாளுமன்றமும் மக்கள் தெரிவு செய்ததுதானே?

இலங்கையில் இருந்து வந்த எங்களுக்கு இது பழைய பாட்டு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம், 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமே சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காட முடியாது என்று சொல்லி மொழிப் பிரச்சினையைத் தொடாமல் நழுவியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்காடலாம், மற்றதையும் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. கொழும்பு என்ன செய்தது? 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீட்டை ஒழித்தது. 1972 யாப்பில் 29ஆம் பிரிவும் போனது, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கும் உரிமையும் போனது. அந்த யாப்பின் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்த அதே மனிதர்!

2006 ஒக்டோபர் 16 அன்று, ஜே.வி.பி. ஆதரவுடன் தொடுத்த வழக்கில், வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் முறைப்படி சட்டம் இயற்றி மறுபடி இணைத்திருக்கலாம். எந்த அரசும் செய்யவில்லை. நாடாளுமன்றத்துக்கு மேலே ஆளில்லை என்றவர்களுக்கு இப்போது தீர்ப்பு வேதவாக்கு.

1985 ஏப்ரல் 4 அன்று, சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அகதிக் கோரிக்கையாளருக்கும் நேரடி விசாரணை வேண்டும் என்றது. எங்களில் ஆயிரக்கணக்கானோர் வாய்திறந்து கதை சொல்லக் கிடைத்தது அந்தத் தீர்ப்பால். அகதிக்கு வாக்கில்லை. அவனுக்காக மினக்கெட எந்த அரசியல்வாதிக்கும் தேவையில்லை. தெரிவு செய்யப்படாத நீதிபதிகள்தான் கேட்டார்கள்.

நீதிபதிகள் பிழை விடமாட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தீர்ப்புப் பிழை என்றால் வாதாடுங்கள், மேன்முறையீடு செய்யுங்கள், புதுச் சட்டம் கொண்டுவாருங்கள். வெல்லும்போது கைதட்டி, தோற்றால் கதவைப் பூட்டுகிறவர்களுக்கு மட்டும் நாங்கள் தலையாட்டக்கூடாது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் நாங்கள்.