கைக்கு வந்த பணமெல்லாம் வருமானம் ஆகுமா? 'ஒத்திவைக்கப்பட்ட வரவு' கணக்கு முறை ஒரு விளக்கம்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியைக் காண, 2018-ஆம் ஆண்டு ஏராளமான சுற்றுலாப் பயணிகள் மூணாறு விடுதிகளில் முன்பணம் செலுத்தி அறைகளைப் பதிவு செய்திருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெய்த பெருமழையால் மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மூணாறிலிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வழியில் உள்ள பெரியவரை பாலமும் இடிந்தது. முன்பதிவுகள் பெருமளவில் ரத்தாகின. விருந்தினர் வருவதற்கு முன்பே விடுதியின் வங்கிக் கணக்கில் சேர்ந்திருந்த அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இக்கேள்விக்குக் கணக்கியல் தரும் விடையே 'ஒத்திவைக்கப்பட்ட வரவு' எனப்படுகிறது.

பொறுப்பாகக் கருதப்படுவது ஏன்?

பொருளையோ சேவையையோ வழங்குவதற்கு முன்பே பெறப்படும் தொகை வருமானம் ஆகாது. சேவையை வழங்கும் வரை, அல்லது தொகையைத் திருப்பித் தரும் வரை, அது நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கும். எனவே அத்தொகை இலாப நட்டக் கணக்கில் சேர்க்கப்படாமல், இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பகுதியில் காட்டப்படுகிறது. பேரேட்டில் வரவுப் பக்கம் பதியப்பட்டு, வருமானமாகக் கொள்வது பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதால் இப்பெயர் அமைந்தது. பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் இதன் பொதுவான வடிவம் 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்று குறிப்பிடப்படுகிறது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115, இதனை 'ஒப்பந்தப் பொறுப்பு' என்று வழங்குகிறது.

பதிவு செய்யும் முறை

எடுத்துக்காட்டாக, ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு இரவுகள் தங்குவதற்கு ஒருவர் மார்ச் மாதத்திலேயே 6,000 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்வோம். பணம் பெறும் நாளில் வங்கிக் கணக்கில் 6,000 ரூபாய் பற்றும், முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் 6,000 ரூபாய் வரவும் பதியப்படும். மார்ச் 31 அன்று கணக்கு முடிக்கப்படும்போது இத்தொகை அந்த ஆண்டின் இலாபத்தில் சேராது.

ஆகஸ்டில் விருந்தினர் தங்கிச் சென்ற பின், முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் பற்றும், அறை வாடகை வருமானக் கணக்கில் வரவும் வைக்கப்படும். பயணம் ரத்தாகிப் பணம் திருப்பித் தரப்பட்டால், முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் பற்று வைத்து வங்கிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முறையாகக் கணக்கு எழுதிய விடுதிக்கு இதனால் இலாபம் குறையாது. இருந்த பொறுப்பு தீர்ந்துவிடும். ஒப்பந்த விதிப்படி ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் உரிமை விடுதிக்கு இருந்தால், அப்பகுதி மட்டும் ரத்தாகும் நாளில் வருமானமாகிறது.

மாறாக, முன்பணத்தை மார்ச் மாதத்திலேயே வருமானமாகக் காட்டி, அந்த இலாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டிருந்தால், ஆகஸ்டில் திருப்பித் தரக் கையில் பணம் இருக்காது. ஈட்டாத இலாபத்தைப் பங்கிடுவதே இங்குள்ள ஆபத்து.

வரி விதி வேறு

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் நிலைமை சற்று மாறுபடுகிறது. வழக்கமான முறையில் பதிவு பெற்ற நிறுவனம், சேவைக்கான முன்பணத்தைப் பெறும்போதே அதற்குரிய வரியைச் செலுத்த வேண்டும். பொருள்களுக்கான முன்பணத்துக்கு இந்தக் கட்டாயம் 2017 நவம்பர் 15 முதல் நீக்கப்பட்டது. ஆகவே, கணக்கியலில் இன்னும் வருமானமாகாத தொகைக்கு வரிப் பொறுப்பு முன்னதாகவே எழக்கூடும்.

வாளையார் சாலையில் ஓர் எடுத்துக்காட்டு

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544-இல், வாளையாரை அடுத்து பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி உள்ளது. தனியார் கார்களுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு அனுமதி 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் கட்டணத்தில் அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 பயணங்கள், இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை இது செல்லும். அந்த அறிமுகக் கட்டணத்தில், 200 பயணங்களையும் முழுமையாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு பயணத்தின் அடக்கம் 15 ரூபாயாக இருந்தது. கணக்கியல் நோக்கில், வாகன உரிமையாளருக்கு இது முன்கூட்டிச் செலுத்திய செலவு. கட்டணம் பெறுபவருக்கு இன்னும் வழங்கப்படாத சேவைக்கான பொறுப்பு.

மானியத்துக்கும் பொருந்தும்

இடுக்கியின் ஏலக்காய் உற்பத்தியாளர்கள் சிறு நிறுவனமாக இணைந்து, 10 லட்சம் ரூபாயில் உலர்த்தும் இயந்திரம் வாங்குவதாகவும், அதில் 2 லட்சம் ரூபாய் அரசு மானியம் எனவும் வைத்துக்கொள்வோம். கணக்கியல் தரநிலை 12 இரு வழிகளை அனுமதிக்கிறது. மானியத்தை இயந்திரத்தின் விலையில் கழித்துக்கொள்ளலாம். அல்லது ஒத்திவைக்கப்பட்ட வருமானமாகப் பதியலாம். இயந்திரத்தின் பயன்பாட்டுக் காலம் 10 ஆண்டுகள் எனில், இரண்டாம் முறையில் ஆண்டுதோறும் 20,000 ரூபாய் வருமானமாக மாற்றப்படும். தேய்மானச் செலவும் மானிய வருமானமும் ஒரே காலத்தில் இவ்வாறு இணைகின்றன. நிபந்தனைகளை மீறினால் மானியத்தைத் திருப்பித் தர நேரிடும் என்பதால், முழுத் தொகையையும் முதல் ஆண்டிலேயே இலாபமாகக் கருதுவது தவறான முடிவுகளுக்கு வழிவகுக்கும்.

எதிர்மாறான நிலை

இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் இதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். சரக்கு விற்பனையான பிறகும் விவசாயிக்குப் பணம் வந்து சேரச் சில நாள்கள் ஆகும். இங்கு வருமானம் ஈட்டப்பட்டுவிட்டது, பணம்தான் வரவில்லை. எனவே அது வர வேண்டிய தொகையாக, சொத்துப் பகுதியில் இடம்பெறும்.

கவனிக்க வேண்டியது

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணைப்படி, வழக்கமாக 12 மாதங்களுக்குள் தீரக்கூடிய முன்பணம் நடப்புப் பொறுப்பாகவும், அதற்கு மேற்பட்டது நடப்பு அல்லாத பொறுப்பாகவும் பிரித்துக் காட்டப்பட வேண்டும். ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்குவோரும் அதற்குக் கடன் கொடுப்போரும் வங்கி இருப்பை மட்டும் பார்க்காமல், அதில் எவ்வளவு முன்பணம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் உண்மை நிலை விளங்கும்.

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சியின் அடுத்த பெரும் பூப்பு 2030-ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போதும் விருந்தினர் வந்து தங்கும் வரை, அவர்கள் செலுத்தும் முன்பணம் விடுதியின் பொறுப்பாகவே இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.