பழைய மின்னஞ்சல்களைப் பத்திரமாக இடம்மாற்றுவது எப்படி?

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதன்பின் எங்கள் வீடுகள் பலவற்றில் மேசைக் கணினிகள் மாறிவருகின்றன. வோபர்னில் கணக்கு வேலைக்காக என்னிடம் வருபவர்கள் வரி விபரத்தோடு இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள்: "பழைய கொம்பியூட்டரில கிடக்கிற ஈமெயில் எல்லாம் என்ன செய்யிறது?"

அந்தப் பெட்டிகளில் இருப்பவை சாதாரணமானவை அல்ல. பொன்சர் விண்ணப்பப் பத்திரங்கள், ஊர்க் காணி உறுதியின் பிரதிகள், 2009இல் வன்னியில் இருந்தவர்களைத் தேடி எழுதிய கடிதங்கள், இன்று உயிரோடு இல்லாதவர்கள் அனுப்பிய படங்கள். கடதாசியில் இருந்தவற்றை இடப்பெயர்வுகளில் இழந்த குடும்பங்களுக்கு மின்னஞ்சலில் உள்ள பிரதியே பல தடவைகளில் ஒரே பிரதி.

கடிதம் எங்கே இருக்கிறது?

முதலில் இதை அறிய வேண்டும். உங்கள் கணக்கு ஐமாப் முறையில் இயங்கினால் கடிதங்கள் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும். கணினியில் இருப்பது அதன் பிரதி. பொப் முறையில் இயங்கினால், பெரும்பாலும் கடிதம் கணினிக்கு இறங்கியதும் வழங்கியிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அந்த வன்தட்டு மட்டுமே உங்கள் களஞ்சியம். அவுட்லுக் அல்லது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவித்தவர்கள் இதைச் சரிபார்க்காமல் கணினியை மீள்சுழற்சிக்குக் கொடுக்க வேண்டாம்.

வழங்கியில் இருப்பதும் நிரந்தரம் அல்ல. 12 மாதங்களுக்கு மேல் திறக்கப்படாத பெட்டியின் கடிதங்களை யாகூ அழித்துவிடலாம். இரண்டு ஆண்டுகள் பாவிக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை நீக்கும் விதியை கூகிள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது.

எந்தக் கருவி?

மொசில்லாவின் தண்டர்பேர்ட் போதும். இது இலவசம், 2004 முதல் வெளிவருகிறது, கடவுச்சொல்லை இடைத்தரகர் எவரிடமும் கொடுக்காமல் உங்கள் கணினியிலேயே வேலையை முடிக்கலாம். தேடுபொறியில் முதலில் தோன்றும் கட்டண 'மாற்றிகள்' சில, ஒரு சில கடிதங்களை மட்டும் மாற்றிக்காட்டிவிட்டுப் பணம் கேட்கும். பொது நூலகக் கணினிகளில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

செய்முறை

1. பழைய கணக்கின் ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை கடிதங்கள் உள்ளன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதுவே உங்கள் ஆரம்ப மீதி.

2. தண்டர்பேர்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் தரவிறக்கி, வழமையான தெரிவுகளோடு நிறுவுங்கள்.

3. பெயர், மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பழைய கணக்கைச் சேருங்கள். ஐமாப்பைத் தெரிவுசெய்யுங்கள். யாகூ, கூகிள் கணக்குகளுக்கு அந்நிறுவனத்தின் உள்நுழைவுச் சாளரம் திறக்கும்; அங்கே அனுமதி கொடுங்கள். பிறகு புதிய கணக்கையும் இதேபோலச் சேருங்கள்.

4. கணக்கு அமைப்புகளில், கடிதங்களைக் கணினியில் வைத்திருக்கும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருங்கள். கணினி இடையில் உறங்காதபடி மின்சக்தி அமைப்பை மாற்றிவிடுங்கள்.

5. பழைய கோப்புறையைத் திறந்து, சில நூறு கடிதங்களைத் தெரிவுசெய்து, வலது சொடுக்கில் புதிய கணக்கின் கோப்புறைக்குப் பிரதிசெய்யுங்கள். 'நகர்த்து' என்பதைத் தொட வேண்டாம். பிரதிசெய்யும்போது இணைப்பு அறுந்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

6. இம்போர்ட் எக்ஸ்போர்ட் ரூல்ஸ் என்ஜி என்ற இலவச நீட்சியைத் தண்டர்பேர்டின் நீட்சிப் பகுதியில் தேடி நிறுவுங்கள். அதன் மூலம் ஒவ்வொரு கோப்புறையையும் எம்பொக்ஸ் அல்லது ஈஎம்எல் வடிவில் ஒரு வெளி வன்தட்டில் சேமியுங்கள்.

புதிய கணக்கு ஜிமெயிலானால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஐமாப் வழியாக நாளொன்றுக்கு ஏற்றக்கூடிய அளவு ஏறத்தாழ 500 மெகாபைற். அதற்கு மேல் போனால் கணக்கு சிறிது நேரம் முடக்கப்படலாம். எனவே பெரிய பெட்டிகளைப் பல நாட்களாகப் பிரித்துச் செய்யுங்கள். இலவச இடம் 15 ஜிகாபைற். அதில் உங்கள் படங்களும் அடங்கும். பழைய கணக்கு ஜிமெயிலானால், 'அனைத்து அஞ்சல்' கோப்புறையையும் மற்றவற்றையும் சேர்த்துப் பிரதிசெய்ய வேண்டாம். ஒரே கடிதம் இரட்டிப்பாகும்.

கடிதங்கள் அவுட்லுக்கின் பிஎஸ்ரி கோப்பில் இருந்தால், அந்தப் பழைய அவுட்லுக்கிலேயே புதிய கணக்கை ஐமாப் முறையில் சேர்த்து, கோப்புறைகளை அங்கிருந்து பிரதிசெய்வது இலகு.

கணக்கு ஒத்துப்பார்த்தல்

முடிந்ததும் தாளில் எழுதிய எண்ணிக்கையைப் புதிய கணக்கோடு கோப்புறை கோப்புறையாக ஒப்பிடுங்கள். குறைவு இருந்தால் ஆண்டு வாரியாகப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடியுங்கள். எண்ணிக்கை சரியென்றாலும் பத்துக் கடிதங்களையாவது திறந்து, இணைப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

பாமினியில் எழுதிய கடிதங்கள்

யூனிகோட் பரவுமுன் நாங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் ரிஸ்கி முறையிலும் எழுதினோம். இன்று அவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குவியலாகத் தெரியும். பழுதடைந்த கடிதம் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். உள்ளே தமிழ் அப்படியே இருக்கிறது. மூலக் கடிதத்தை மாற்றாமல் இடம்மாற்றுங்கள். பிறகு அதன் வாசகத்தைப் பிரதியெடுத்து, இணையத்தில் உள்ள எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டால் யூனிகோடில் வாசிக்கலாம்.

ஆதாரமாக வைத்திருத்தல்

கடிதத்தை அச்சிட்டால் அதன் தலைப்புத் தகவல்கள், அதாவது எப்போது, எந்த வழங்கி ஊடாக வந்தது என்பவை, போய்விடும். காணி விடயத்துக்கோ, காணாமற்போனோர் முறைப்பாட்டுக்கோ ஒரு கடிதம் தேவைப்படலாம் என்றால் ஈஎம்எல் கோப்பாகவே வைத்திருங்கள். சிறு வியாபாரம் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்: கனடா வருமானத்துறை பதிவேடுகளை, அவை சம்பந்தப்பட்ட கடைசி வரியாண்டின் முடிவிலிருந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்கக் கேட்கிறது. மின்வடிவில் வந்ததை அச்சிட்டு வைத்தாலும் மின்வடிவத்தையும் பேண வேண்டும்.

பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். வங்கி, பாடசாலை, குடிவரவு அலுவலகம் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றி, ஓராண்டாவது திறந்து பார்த்துவாருங்கள். வயதானவர்களின் கணக்கானால் கூகிளில் உள்ள செயலற்ற கணக்கு மேலாளரில் பிள்ளை ஒருவரின் பெயரை அவர்களே பதிந்துவைப்பது நல்லது. வெளி வன்தட்டு எந்த லாச்சியில் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.