சென்னைக் குடிநீர் வாரியம்

சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு அரசு நிறுவனம். மக்கள் வழக்கில் ‘மெட்ரோ வாட்டர்’. அதற்கு முன் இப்பணி மாநகராட்சியிடம் இருந்தது.

வற்றாத ஆறு இல்லாத நகரம் இது. கோட்டைக்கு நீர் எடுக்க 1772இல் ஏழு கிணறுகள் ஏற்பட்டன. ஊர்மக்களுக்கு வீட்டுக் கிணறும் குளமுமே கதி. 1866இல் பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கினர். 1872 முதல் அந்த நீர் திறந்த கால்வாயில், வடிகட்டாமலே கீழ்ப்பாக்கம் வந்தது. மேட்லி என்ற பொறியாளர் மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் அமைத்து, 1914இல் அக்குறையைத் தீர்த்தார். மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. அது இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

வாரியத்துக்கு நீர் தரும் இந்த ஏரிகள் எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஒரு மழை பொய்த்தால் எல்லாம் ஒன்றாக வறளும். எனவே தொலைதூர நீர் தேடல் தொடர்ந்தது. ஆந்திரத்துடன் 1983இல் ஒப்பந்தமான கிருஷ்ணா நீர் 1996இல்தான் வந்தது; ஒப்பந்த அளவு பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. முன்பு பாதியில் கைவிடப்பட்ட வீராணம் திட்டம் புதுவடிவில் 2004இல் நிறைவேறி, நாளுக்கு 18 கோடி லிட்டர் தர வழிசெய்தது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீர் குடிநீராயிற்று. இரண்டின் திறனும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர்.

மழைநீர் சேகரிப்பை 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது அரசின் சட்டம். செலவு குறைந்த இவ்வழி, பெருந்திட்டங்களுக்குக் கிடைத்த கவனத்தைப் பின்னர் பெறவில்லை.

2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தது. குழாய்களும் பாதாளச் சாக்கடையும் பல ஆண்டுகள் பின்தங்கின. சேர்க்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறுமே வழக்கமாயின. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நகரத் தேவைக்கு அது துளிதான்.

கழிவுநீரைப் பயன்படுத்துவதில் வாரியம் முந்திக்கொண்டது. 1990களிலேயே மணலி ஆலைகள் அதன் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிச் சொந்தமாகத் தூய்மைப்படுத்தத் தொடங்கின. இப்போது கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் வாரியமே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்து, நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனில், ஆலைகளுக்கு நீர் தருகிறது. ஆலைகள் அதை ஏற்கும் அளவுக்கு ஏரிநீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.