காடுகாண் காதையின் பாலைவழி

சிலப்பதிகாரத்தின் பதினோராவது காதையும் மதுரைக் காண்டத்தின் முதற்காதையுமான காடுகாண் காதை, உறையூரைக் கடந்து தென்திசை நோக்கி நடந்த கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் ஆகிய மூவருக்கும் மாங்காட்டு மறையோன் ஒருவன் மதுரைக்குச் செல்லும் வழிகளை விரித்துரைக்கும் பகுதியாகும். அபாயம் நிறைந்த ஒரு பிரதேசத்தைக் கற்பனையில் சிருஷ்டித்து, அதனை நியதிகளால் கட்டிக் காப்பதில் தமிழில் இதற்கு இணை காண்பது அரிது.

இந்தச் சிருஷ்டிக்கு அஸ்திவாரம் தொல்காப்பியத்தின் திணைக் கொள்கை. நிலமும் பொழுதும் முதற்பொருளாக, அவற்றினின்று தெய்வமும் உணவும் விலங்கும் மரமும் பறையும் தொழிலும் கருப்பொருளாகக் கிளைத்து, மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருளில் முடிகின்ற அம்முறையில், பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்பதை இளங்கோவடிகள் இக்காதையில் தெளிவுறுத்துகிறார். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டியின் கரிசல் வெளியை, ஐப்பசியின் பசுமையிலும், பின்னர் கண்மாய் வற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சித்திரையிலும் கண்டவர்க்கு இவ்விலக்கணம் வெறும் ஏட்டுச் செய்தியாக இராது.

கொடும்பை நெடுங்குளக் கோட்டகத்தில் பாதை மூன்றாகப் பிரிகிறது. வலப்புற வழி, உலர்ந்த மரங்களையும் எயினர் குடியிருப்பையும் கடந்து சிறுமலையை அடைவது. இடப்புற வழியோ விசேஷமானது. திருமால் குன்றத்துப் பிலத்தினுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகள் உள்ளன. முதலாவதில் மூழ்கினால் ஐந்திர வியாகரண ஞானமும், இரண்டாவதில் பழம்பிறப்பின் உணர்வும், மூன்றாவதில் நினைத்தது யாவும் கிட்டும். வாயிலில் தோன்றும் வரோத்தமை, இம்மையின்பமும் மறுமையின்பமும் என்றும் அழியாத பொருளும் யாவை என வினவுகிறாள். விடை கூறினோர்க்குக் கதவு திறக்கிறது, கூறாதவரையும் அவள் துன்புறுத்தாமல் நெடுவழியில் விட்டுவிடுகிறாள். தோற்றவனையும் தண்டியாத இந்த ஏற்பாடு என் மதிப்பில் மிக உயர்ந்தது.

அப்பொய்கைகளால் தமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று கவுந்தியடிகள் மறுத்துவிட, மூவரும் நடுவழியே செல்கின்றனர். அவ்வழியில் உறையும் தெய்வம் அச்சுறுத்துவதில்லை. இனிய உருவில் வந்து மயக்கித் தடுப்பது அதன் இயல்பு என்று மறையோன் முன்பே எச்சரித்திருந்தான். நீர்வேட்கையால் நீர்நிலையொன்றின் கரையில் நின்ற கோவலன் முன், மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவெடுத்து, அவன் காலில் விழுந்து கண்ணீர் உகுத்து அது நிற்கிறது. எச்சரிக்கையை நினைவுகூர்ந்த கோவலன் பாய்கலைப் பாவையின் மந்திரத்தை உருவேற்றவும், தான் வனசாரிணி என்று ஒப்புக்கொண்டு, இச்செய்தியைக் கண்ணகியிடமும் அடிகளிடமும் உரைக்க வேண்டாமென இரந்து அகல்கிறது.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலாக வளர்ந்த வேடமேற்று ஆடும் விளையாட்டுகளில், கற்பனைக் கண்டங்களை அமைப்போர் வரைபடத்தைக் கொடிய பிராணிகளால் நிரப்புவதுண்டு. அவர்கள் இக்காதையில் கற்கத் தக்கது, அபாயத்தை வழிப்போக்கனின் கடந்தகாலத்திலிருந்தே பிறப்பித்த இந்த நுட்பமே. வேறொருவன் அவ்வழி வந்திருப்பின் தெய்வம் வசந்தமாலையாக வந்திராது.

தாமரையிலையில் நீர் கொணர்ந்து கண்ணகியின் தாகம் தீர்த்தபின், வெயிலுக்கு அஞ்சி மூவரும் எயினர் வழிபடும் ஐயை கோட்டத்தில் தங்குகின்றனர். அங்கிருந்து இரவில் நடக்கும் எஞ்சிய வழியில், பாண்டியன் செங்கோலின் காவலால் விலங்குகளும் தீங்கு செய்யா என்ற நம்பிக்கையே அவர்களுக்குத் துணையாகிறது.