பழைய துப்பாக்கியும் புதிய பட்டறையும்

பல ஆண்டுகள் கையிற் பழகி, ஆபத்திற் கைகொடுத்த ஒரு கருவியை விற்று, அப்பணத்தைக் கொண்டு இன்னொன்றைச் செய்வித்துக்கொள்ளலாமா என்று எண்ணும் எவனும் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியவனாகின்றான். பழையது போனபின் புதியது வந்து சேரும் என்பதற்கு உறுதி என்ன? பழையது யார் கைக்குப் போகும்? உழவனின் கலப்பைக்கும் தச்சனின் உளிக்கும் இக்கேள்விகள் பொருந்துவனவே. ஆயின் கருவி துப்பாக்கியாகவும் அதை வைத்திருப்பது ஓர் அரசாகவும் அமையும்போது, அவை மக்களின் தலைவிதியையே தீர்மானிக்கும் கேள்விகளாகிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளை, இங்கிலாந்தின் தொழிற்சாலை தொடங்கி அபிசீனியாவின் மலைகள் வரை, நாம் தொடர்ந்து காண்போம்.

1853ஆம் ஆண்டின் மாதிரியாக வெளிவந்த என்பீல்ட் துப்பாக்கி, பிரிட்டிஷ் காலாட்படை முழுவதற்கும் பொதுவாக வழங்கப்பெற்ற முதல் றைபிள் எனலாம். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருட்பள்ளங்கள் சன்னத்தைச் சுழற்றி விட்டமையால், பழைய மஸ்கட் துப்பாக்கியினும் பன்மடங்கு தூரம் அது குறி தவறாது சுட்டது. கிரிமியப் போரில் அது தன் ஆற்றலை நிரூபித்தது. ஆனால் அதற்கொரு குறையும் இருந்தது. தோட்டாவின் தாளைப் பல்லாற் கிழித்து, மருந்தைக் குழல்வாயிற் கொட்டி, சன்னத்தை இரும்புக் கம்பியால் இடித்து இறக்கவேண்டும். தேர்ந்த சிப்பாயும் நிமிடத்துக்கு மூன்று முறையே சுட இயலும்.

1864ஆம் ஆண்டில் டென்மார்க்குக்கும் பிரசியாவுக்கும் மூண்ட போர் இக்குறையை உலகறியச் செய்தது. துப்பாக்கியின் பின்புறத்தில் தோட்டாவை இட்டுச் சுடும் பிரசியச் சிப்பாய், படுத்துக்கொண்டே சுட்டான். நின்று மருந்திடித்த டேனியச் சிப்பாய் வீழ்ந்தான். என்பீல்டைக் கைவிடவேண்டிய வேளை வந்துவிட்டதென்பதை இலண்டன் உணர்ந்தது. ஆயின் களஞ்சியங்களிற் கிடந்த இலட்சக்கணக்கான என்பீல்டுகளை என்செய்வது?

இங்கிலாந்து அவற்றை அவசரப்பட்டு விற்றுவிடவுமில்லை, அப்படியே வைத்துக்கொள்ளவுமில்லை. பழைய குழலின் பின்முனையை அறுத்து, பக்கவாட்டில் திறந்து மூடும் ஓர் அடைப்பைப் பொருத்தியது. 1866ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இம்முறை, அதனை வகுத்த யேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கரின் பெயராலேயே வழங்கலாயிற்று. நிமிடத்துக்கு மூன்று முறை சுட்ட அதே குழல் இப்பொழுது பத்து முறை சுட்டது. பேரரசுக்குப் பெருஞ் செலவை மிச்சப்படுத்திய ஸ்னைடரோ, தமக்குரிய ஊதியம் முறையாகக் கைக்கெட்டுமுன், அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வறுமையில் மாண்டார். முதலாளித்துவ அரசின் சிக்கனம் யாரிடமிருந்து தொடங்குகின்றது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வளவு எளிதாகப் பழையதைப் புதியதாக்க இங்கிலாந்தால் எங்ஙனம் முடிந்தது? அதன் கையில் பட்டறை இருந்தது என்பதே விடை. 1850களில் அந்நாடு அமெரிக்காவுக்கு நிபுணர்களை அனுப்பி, துப்பாக்கி உறுப்புகளை அச்சொத்தாற்போற் செய்யும் இயந்திரங்களை வாங்கி, என்பீல்டிலிருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் நிறுவியிருந்தது. துப்பாக்கியை வாங்குபவன் ஒரு பொருளைப் பெறுகின்றான். துப்பாக்கி செய்யும் இயந்திரத்தை வாங்குபவன் நாளைய பொருளையும் பெற்றுக்கொள்கின்றான். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தி மேலே செல்வோம்.

இதே என்பீல்டை இந்தியச் சிப்பாயின் பக்கம் நின்று நோக்குமிடத்து வேறொரு காட்சி தோன்றுகின்றது. 1857ஆம் ஆண்டின் எழுச்சியைக் கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையாகவே நம் மாணவர் படித்து வருகின்றனர். நிலவரியும் நாடுபறிப்பும் சம்பள வேற்றுமையும் குவித்துவைத்த விறகிற் பட்ட பொறியே அத்தோட்டா. எழுச்சி அடக்கப்பட்ட பின் ஆட்சியாளர் கற்ற பாடம் யாது? பீரங்கிகள் பெரும்பாலும் வெள்ளையர் கைக்கு மாற்றப்பட்டன. சுதேசிக் காலாட்படைக்கென, பார்வைக்கு என்பீல்ட் போன்றே இருந்தும், குழலில் சுருட்பள்ளம் இல்லாத துப்பாக்கி ஒன்று செய்யப்பட்டது. தூரத்து இலக்கைக் குறிவைக்கும் அமைப்பும் அதற்கு இல்லை. ஒரு தொழிற்சாலை தன் திறமை முழுவதையும் செலவிட்டுத் திறமை குறைந்த கருவியைச் செய்தது! அதன்பின்பும் இவ்வழக்கம் தொடர்ந்தது. வெள்ளைப் படை 1871ஆம் ஆண்டின் மார்ட்டினி–ஹென்றிக்கு மாறியபோதே இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர் கிடைத்தது; வெள்ளையர் லீ–மெட்போர்ட்டை ஏந்திய பின்னரே மார்ட்டினி இந்தியரை வந்தடைந்தது. நம்பிக்கைக்குரிய துப்பாக்கி என்று நாம் சொல்லுகின்றோம். நம்பப்படாத மனிதனுக்கோ நேற்றைய துப்பாக்கியே கொடுக்கப்பட்டது.

இவ்விரு துப்பாக்கிகளும் ஒரே களத்திற் சேர்ந்து தோன்றிய நாளும் உண்டு. 1868ஆம் ஆண்டில், அபிசீனியப் பேரரசன் தியோடர் சிறைவைத்திருந்த ஐரோப்பியரை மீட்பதெனக் கூறி, பம்பாயிலிருந்து நேப்பியரின் படை மக்தலா மலைக்கோட்டையை நோக்கிச் சென்றது. அப்படையில் சென்னை மாகாணத்துச் சுரங்கப்படைப் பிரிவினரும் இருந்தனர். வெள்ளைச் சிப்பாய்களின் கையில் ஸ்னைடர் இருந்தது. பஞ்சாபியர் கையிலோ வாயால் மருந்திடும் பழைய துப்பாக்கி. ஏப்பிரல் 10ஆம் நாள் நடந்த போரில் அபிசீனியர் 700 பேரளவில் மாண்டனர். பிரிட்டிஷ் தரப்பிற் காயமுற்று இறந்தவர் இருவரே.

தியோடரைக் கொடுங்கோலனாக மட்டும் காட்டி முடித்துவிடுவது நியாயமன்று. ஆயுதத்தை வாங்கினாற் போதாது, தன் நாட்டிலேயே செய்யவேண்டும் என்பதை ஆபிரிக்க அரசர்களுள் அவன் முன்னரே உணர்ந்திருந்தான். கபாத் என்னுமிடத்தில் ஐரோப்பியக் கைவினைஞரையும் பாதிரிமாரையும் வற்புறுத்திப் பெரும் பீரங்கிகளை வார்ப்பித்தான். அவற்றுட் பெரியதற்குச் செவஸ்தோபோல் என்று பெயரிட்டு, மலைப்பாதைகளில் மக்களைக் கொண்டு இழுப்பித்து மக்தலாவுக்குக் கொண்டு சேர்த்தான். ஆயின் ஒரு வார்ப்புச் சாலை மட்டும் தொழில்வளம் ஆகிவிடாது. இரும்புத் தொழிலும் கல்வியும் மக்களின் இசைவும் இன்றி எழுந்த அம்முயற்சி அவனோடு மாய்ந்தது. நேப்பியரோ திரும்புகையில், தமக்கு உதவிய திக்ரேத் தலைவன் காசாவுக்குத் தம் பழைய துப்பாக்கிகளையும் சில பீரங்கிகளையும் விட்டுச் சென்றார். அவற்றின் துணையோடு போட்டியாளனை வென்ற காசா, நான்காம் யொகான்னஸ் என்ற பெயரிற் பேரரசனானான். வெள்ளையனின் கழிவுப்பொருளே ஒரு நாட்டின் அரியணையை நிர்ணயித்தது.

இவற்றையெல்லாம் நன்கு உணர்ந்தவன் ஷோவா நாட்டு மன்னன் மெனெலிக். இளமையில் மக்தலாவிலேயே தியோடரின் கைதியாக இருந்து 1865இல் தப்பியவன் அவன். செய்ய இயலாதவன் வாங்கியே ஆகவேண்டும்; வாங்குபவனுக்கு விற்கப்படுவதோ பிறர் கழித்தது. அக்காலத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் பழைய ஆயுதங்களின் பெருஞ்சந்தை. அங்கே ஏழெட்டுப் பிராங்குக்குக் கிடைத்த காலங்கடந்த துப்பாக்கிகள் மெனெலிக்குக்கு நாற்பது பிராங்களவில் விற்கப்படுவதாக, அவ்வியாபாரத்தில் இறங்கிய ஒருவரே 1885இல் தம் குடும்பத்தாருக்கு எழுதியிருக்கின்றார். அவர் வேறு யாருமல்லர். இருபது வயதளவிற் கவிதையைக் கைவிட்ட பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் றிம்போவே. தஜூராக் கரையில் ஓராண்டளவு காத்துக்கிடந்து, பாலைவனம் கடந்து, சுமார் 2,000 துப்பாக்கிகளுடன் 1887இன் தொடக்கத்தில் அவர் ஷோவாவை அடைந்தார். மெனெலிக் அடிமாட்டு விலை பேசியதோடு, இறந்துபோன அவருடைய பங்காளியின் கடனையும் கழித்துக்கொண்டான். சுரண்ட வந்தவர் ஏமாந்து திரும்பினார் என்று நாம் நகைக்கலாம். ஆனால் அவ்விலையை உண்மையிற் கொடுத்தவர் யார்? யானைத்தந்தமும் பொன்னும் காப்பியும் தென்னாட்டு மக்களிடமிருந்து திறையாகவும் கொள்ளையாகவும் வந்தவை. அடிமை வாணிபத்தின் வருவாயும் அதிற் கலந்திருந்தது. வாங்கிய துப்பாக்கிகள் ஒறோமோ முதலிய மக்களை அடிப்படுத்தவும் பயன்பட்டன. இவ்வுண்மையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

1886இல் பிரான்சு புகையில்லா வெடிமருந்தைக் கொண்ட லெபெல் துப்பாக்கியை ஏற்றதும், அதன் பழைய கிராஸ் துப்பாக்கிகள் செங்கடல் வழியே பெருந்தொகையாக இறங்கின. பிரெஞ்சு மொழியில் 'புசில் கிராஸ்' எனப்பட்டது அம்ஹாரிய நாவில் 'வுஜிக்ரா' என்றாயிற்று. யொகான்னஸுக்கு எதிராக மெனெலிக்கைத் தன்பக்கம் இழுக்க எண்ணிய இத்தாலியும் 1887இல் 5,000 றெமிங்டன் துப்பாக்கிகளைத் தர உடன்பட்டது. 1890இல் பிரஸ்ஸல்சிற் கூடிய வல்லரசுகள், அடிமை வாணிபத்தை ஒழிக்கும் பெயரால், ஆபிரிக்காவின் பெரும்பகுதிக்கு நவீன றைபிள்கள் செல்வதைத் தடைசெய்தன. ஆயினும் வல்லரசுகளிடையே இருந்த போட்டியால் மெனெலிக்குக்கு வழி அடைபடவில்லை.

1896 மார்ச் 1ஆம் நாள் அத்வாவில் இத்தாலியப் படை நொறுங்கியது. கழிக்கப்பட்ட துப்பாக்கிகள் ஓர் ஐரோப்பிய ஏகாதிபத்தியத்தைத் தோற்கடித்தன. இத்தாலியச் சிப்பாய்களின் கையிலும் பழைய வெட்டெர்லிகளே இருந்தன என்பது கருதத்தக்கது. புதிய கார்க்கானோத் துப்பாக்கி 1891இலேயே ஏற்கப்பட்டிருந்தும், பழைய தோட்டாக்கள் வீணாகக்கூடாதென்று அரசு கருதியது. ஸ்னைடரிடம் சிக்கனம் காட்டிய அதே மனம், ஏழை இத்தாலிய உழவனின் மகனிடமும் சிக்கனம் காட்டியது.

ஆயின் அத்வா கதையின் முடிவன்று. 1935 ஒக்டோபரில் முசோலினியின் படை மீண்டும் வந்தபோது, வுஜிக்ராக்கள் இன்னும் எதியோப்பியர் தோளில் இருந்தன. தந்தையர் வென்ற துப்பாக்கியை மைந்தர் நம்பிக்கையோடு ஏந்தினர். எதிரிலோ விமானமும் நச்சுவாயுவும் வந்தன. போர் மூளுமுன் பிரிட்டனும் பிரான்சும் இருதரப்புக்கும் ஆயுதம் விற்பதை நிறுத்தியிருந்தன. நடுநிலைமை என்று அதற்குப் பெயர். தன் ஆயுதத்தைத் தானே செய்த இத்தாலிக்கு அத்தடையால் இழப்பில்லை. வாங்கியே வாழ்ந்த எதியோப்பியாவின் குரல்வளையை அது நெரித்தது. 1936 மே மாதத்தில் அடிஸ் அபாபா வீழ்ந்தது. பின்னர் ஐந்தாண்டுகள் மலைகளில் நின்று போரிட்ட மக்களின் உறுதியே அந்நாட்டின் பெயரைக் காத்தது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இனி விடை கூறலாம். பழையதை அஞ்சாது கைவிடும் சுதந்திரம், புதியதைச் செய்யும் பட்டறையை உடையவனுக்கே உண்டு. மற்றவனுக்குப் பழையதை விட்டாலும் இழப்பு, வைத்திருந்தாலும் ஆபத்து. அரசியல் விடுதலை பெற்ற நாடுகள் பல, பிறர் கழித்த இயந்திரங்களை அவர் சொன்ன விலைக்கு வாங்கி நிற்பதை நாம் இன்றும் காண்கின்றோம். வகுப்பறையில் அத்வாவின் வெற்றியைச் சொல்லும் ஆசிரியர், அத்துப்பாக்கிகளைச் செய்தவர் யார், விற்றவர் யார், விலை கொடுத்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் மாணவர்முன் வைப்பாராக. அவற்றுக்கு விடை தேடும் மாணவன், போர்களின் ஆண்டுகளோடு அவற்றின் காரணங்களையும் கற்றுக்கொள்வான்.