செம்பருத்தி: ஒரு பெயரின் வரலாறும் பொருளும்

பெயர் என்பது பொருளை மட்டும் காட்டுவதன்று, பெயரிட்டவரையும் காட்டும். நாம் கூடியிருக்கும் போர்டிக்சன் இதற்கு நல்ல சான்றாகும். இக்கடற்கரைப் பகுதிக்கு முன்பு வழங்கிய பெயர் அராங் என்பது. மலாய் மொழியில் அராங் என்றால் கரி. பின்னர், ஆங்கிலேய ஆட்சியில், சர் ஜான் பிரெடரிக் டிக்சன் என்னும் அதிகாரியின் பெயர் இத்துறைமுகத்திற்கு இடப்பட்டது. 1891ஆம் ஆண்டில் சிரம்பானையும் இத்துறைமுகத்தையும் இணைத்து இருப்புப் பாதை திறக்கப்பட்டபோது, புதிய பெயரே நிலைபெற்றுவிட்டது. மண் மாறவில்லை, பெயரிட்டவர் மாறினர்.

இந்த எளிய உண்மையை மனத்திற் கொண்டு, நாம் அன்றாடம் காணும் ஒரு மலரின் பெயரை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம். அம்மலர் நம் நாட்டின் தேசிய மலராகிய செம்பருத்தி.

1958ஆம் ஆண்டில் மலாயாவிற்கென ஒரு தேசிய மலரைத் தேர்ந்தெடுக்கும் முயற்சி தொடங்கியபோது, வேளாண்மை அமைச்சு சில மலர்களை முன்மொழிந்தது. கெனாங்கா, மல்லிகை, தாமரை, ரோஜா, சண்பகம், மலாயில் தஞ்ஞோங் எனப்படும் மகிழம்பூ, செம்பருத்தி ஆகியவை அவை. 1960 ஜூலை 28ஆம் நாள் செம்பருத்தி தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. துங்கு அப்துல் ரஹ்மான் அந்நாளில் பிரதமராக விளங்கினார்.

இப்பட்டியலைத் தமிழ் மாணவர் ஒருமுறை கூர்ந்து நோக்குதல் நன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் தாமரை உண்டு, சண்பகம் உண்டு, வகுளம் என்னும் பெயரில் மகிழம்பூவும் உண்டு. வென்ற செம்பருத்தியின் பெயர் அங்கு இல்லை. ஆனால், பாரம் என்றொரு மலர் அங்கே இடம்பெறுகின்றது. அதனைப் பருத்திப்பூ எனக் கொள்வர். இப்பருத்தியை நினைவில் வைத்துக்கொண்டு, முதலில் பிறர் இம்மலருக்கு இட்ட பெயர்களைக் காண்போம்.

மலாய்க்காரர் இதனைப் புங்கா ராயா என்றனர். புங்கா என்றால் மலர். ராயா என்பது பெருமையும் பொதுமையும் குறிக்கும் சொல். ஹரி ராயா பெருநாள், ஜாலான் ராயா பெருஞ்சாலை. ஆகவே புங்கா ராயா என்பது பெருமலர். மலேசியச் சீனர் இதனைத் தா ஹோங் ஹுவா என்பர்; பெரிய செந்நிறப் பூ என்பது அதன் பொருள். ஒருவர் பெருமையைக் கண்டார். மற்றொருவர் பெருமையோடு நிறத்தையும் கண்டார்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் எனப் பெயரிட்டார். பின்னிரு சொற்களும் சீனத்து ரோஜா எனப் பொருள்படும். ஆனால் இம்மலர் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆசியத் தோட்டங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருவதாதலின், சீனமே இதன் தாயகம் என உறுதியாகக் கூறுதற்கும் இடமில்லை. அறிவியற் பெயராயினும் அதுவும் ஒரு மனிதர் தாம் நின்ற இடத்திலிருந்து கண்டு இட்ட பெயரே.

ஆங்கிலேயர் இதனைச் சப்பாத்துப் பூ எனப் பொருள்படும் பெயராலும் அழைத்தனர். இதழைக் கசக்கித் தேய்த்தால் கருஞ்சாறு பற்றித் தோற்காலணி பளபளக்கும் என்பதே காரணம். இந்தோனேசியாவில் இன்றும் இது கெம்பாங் செபாத்து. செபாத்து என்றால் காலணி. இச்சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய்க்குச் சென்றது. நம் வழக்கில் உள்ள சப்பாத்தும் அவர்தம் சொல்லே. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற ஒரு சொல், தமிழிலும் மலாயிலும் காலில் ஏறிப் பின் ஒரு மலரின் மேலும் ஏறியிருத்தல் வியப்பிற்குரியது. இம்மலரைக் கொண்டு காலணி துடைத்தவர் காலணி உடையவரே. வெறுங்காலுடன் பால்மரம் சீவச் சென்ற தோட்டத் தமிழரிடம் இப்பெயர் வழங்கவில்லை.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். செம்மை என்னும் பண்புப்பெயர் பருத்தி என்னும் சொல்லோடு சேருங்கால், ஈறு போதல் என்னும் விதிப்படி மை கெட்டுச் செம்பருத்தி ஆகும். செம்மைக்கு நேர்மை, சிறப்பு என்னும் பொருள்களும் உண்டெனினும் இங்கு அது நிறத்தையே சுட்டும். பருத்தி தமிழர் வாழ்வில் மிகத் தொன்மையானது. புறநானூறு பருத்தி நூற்கும் பெண்ணைப் பேசுகின்றது.

ஆனால் இம்மலருக்கும் பருத்திக்கும் என்ன தொடர்பு? இதிலிருந்து பஞ்சு எடுப்பதில்லை, நூல் நூற்பதில்லை. விடை மலருக்குள்ளேயே உள்ளது. செம்பருத்தியின் நடுவில் ஒரு நீண்ட தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத் தாள்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றாய் இணைந்து குழலாகி, அக்குழலின் ஊடே சூல்தண்டு வெளிவரும் அமைப்பு அது. பருத்திப் பூவிலும் இதே அமைப்பு உண்டு. வெண்டைப் பூவிலும் பூவரசம் பூவிலும் உண்டு. தாவர நூலார் இவை அனைத்தையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். லின்னேயசும், ரோஜா என்று பெயரிட்டபோதிலும், வகைப்படுத்தும்போது மகரந்தத் தாள்கள் இணைந்திருத்தலை நோக்கி, இதனையும் பருத்தியையும் ஒரே வகுப்பிலேயே சேர்த்தார். இக்காலத் தாவரவியலோ இலவத்தையும் நம் நாட்டு டுரியானையும் கூட இக்குடும்பத்தில் சேர்த்துள்ளது.

இதுவே இப்பெயரின் சிறப்பு. ஒருவர் அளவைக் கண்டார். ஒருவர் நிறத்தைக் கண்டார். ஒருவர் பயனைக் கண்டார். இதற்குச் செம்பருத்தி எனப் பெயரிட்டவர், இது யாருடைய உறவு என்பதைக் கண்டார். பருத்தியைப் பூவும் காயுமாக நாள்தோறும் பார்த்த உழவரின் கண் அது.

தோட்டங்களில் இப்பெயர் ஒரே வடிவில் வழங்கியதெனக் கொள்ளுதல் தவறாகும். லின்சம், சுவா பெத்தோங், தானா மேரா, அதர்டன் எனப் போர்டிக்சன் வட்டாரத்தில் தோட்டங்கள் பல இருந்தன. மலாயாத் தோட்டங்களில் தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் உழைத்தனர். எழுத்துப் பணிக்கும் இருப்புப் பாதைப் பணிக்கும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். மலையாளிகளுக்கு இது செம்பரத்தி. தமிழிலும் செம்பரத்தை என்னும் வடிவம் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு இது செவ்வரத்தை அல்லது செவ்வரத்தம்பூ. அரத்தம் என்னும் சொல்லுக்குச் சிவப்பு, குருதி என்னும் பொருள்கள் உண்டு. ஆகையால் செம்பரத்தை திரிந்து செவ்வரத்தை ஆயிற்று எனவும் கொள்ளலாம், அரத்தத்தோடு இயைந்தது எனவும் கொள்ளலாம். தெலுங்கருக்கோ இது மந்தாரம். தமிழில் மந்தாரை என்பது வேறு மரம். அதன் இலை இரு பிளவாய் இருக்கும். மந்தாரம் பறித்து வா என்று தெலுங்கு மூதாட்டி சொன்னால், தமிழ்ச் சிறுவன் தவறான மரத்தடியில் நிற்க நேரும். பெயர் ஒத்திருப்பதனாலேயே பொருளும் ஒத்திருக்கும் என எண்ணலாகாது.

இவ்விடத்தில் ஆசிரியர்க்கு இரண்டு எச்சரிக்கைகளைக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, செம்பருத்தி என்னும் பெயர் சிவப்புப் பூப் பூக்கும் உண்மைப் பருத்திச் செடிக்கும் வழங்கியுள்ளது. ஆதலின் பழைய மருத்துவ நூல்களில் இச்சொல்லைக் கண்டவுடன் அது தேசிய மலரே எனத் துணிதல் கூடாது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, புங்கா என்பதைப் பூங்கா என எழுதி, மலாய்ச் சொல் தமிழிலிருந்து பிறந்ததென மகிழ்வோர் உளர். அது பொருந்தாது. புங்கா தென்கிழக்காசியத் தீவு மொழிகளின் பழஞ்சொல். பிலிப்பைன்சின் தகாலோக் மொழியில் அதுவே கனியைக் குறிக்கின்றது. நம் கடை மலாயில் கெடாய் ஆனது உண்மை. நம் சண்பகமும் மலாயின் செம்பாக்காவும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பதும் உண்மை. உண்மையான உறவுகள் இத்தனை இருக்க, பொய்யுறவு நமக்குத் தேவையில்லை.

மலரின் பெயர் போலவே அதன் பொருளும் காலந்தோறும் வளர்வது. ருக்குன் நெகாரா 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்டது. செம்பருத்தியின் ஐந்து இதழ்கள் அதன் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். மலர் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு. இதழ்கள் முன்னே இருந்தன. பொருள் பின்னே வந்து அமர்ந்தது. இது குறையன்று. மக்கள் ஒரு பெயரைத் தமதாக்கிக்கொள்ளும் முறையே இதுதான்.

அங்ஙனமாயின் நம் கவலை யாது? தோட்டத்து லயங்களின் முன் இச்செடி வேலியாய் நின்றது. காலையில் மலர்ந்த பூ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றது. இலை அரைபட்டுத் தலைக்குச் சென்றது. தாய் பறிக்கச் சொன்னதனாலேயே குழந்தை அதன் பெயரைக் கற்றது. பள்ளி அப்பெயரைக் கற்பிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இல்லை, வேலிகள் இல்லை. மலர் மட்டும் பணத்தாளிலும் பள்ளிச் சுவரிலும் முன்னினும் மிகுதியாய்த் தோன்றுகின்றது. ஆனால் தமிழ்க் கட்டுரையிலேயே புங்கா ராயா என்று மட்டும் எழுதி, தமிழ்ப்பெயர் அறியாது நிற்கும் மாணவரை நாம் காண்கின்றோம்.

புங்கா ராயா என்பது நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரிய பெயர். அதனை மாணவர் பெருமையுடன் சொல்லட்டும். அதனோடு செம்பருத்தி என்னும் பெயரையும் காரணத்தோடு அறியட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு செம்பருத்திப் பூவையும் ஒரு வெண்டைப் பூவையும் வகுப்பிற்குக் கொண்டுவந்து, இரண்டையும் பிரித்து, நடுக்குழலைக் காட்டினாற் போதும். பெயரை மனப்பாடம் செய்த மாணவர் அதனை மறக்கக்கூடும். பெயரின் காரணத்தைத் தம் கண்ணால் கண்ட மாணவர் மறவார். வீட்டில் செவ்வரத்தை என்றோ செம்பரத்தை என்றோ கேட்டு வந்தவர் இருப்பின், அதனைப் பிழையென அடித்துவிடாமல், அவர்தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்று வினவுதல் வேண்டும். அக்குடும்பத்தின் வரலாறு அச்சொல்லில் இருத்தல் கூடும்.

அராங் என்னும் பெயரை இன்று இவ்வூரில் வழங்குவார் அரியர். அப்பெயரோடு கரித்தொழில் செய்தோரின் நினைவும் மங்கியது. செம்பருத்தி என்னும் பெயர் மங்குமாயின், அதனோடு மறைவது பருத்தியையும் இம்மலரையும் உறவெனக் கண்ட ஒரு பார்வையாகும். அப்பார்வையைக் காப்பது, நாளைக் காலை வகுப்பறையில் நாம் பிரித்துக் காட்டும் ஒரு பூவிலிருந்தே தொடங்கலாம்.