அம்மா போட்ட கையெழுத்து

ஜீன் ஹார்லோ 1937 ஜூன் 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது அவருக்கு வயது 26. 1930இல் வந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படம்தான் அவரை ஊரறிய வைத்தது. 1932இல் எம்ஜிஎம் ஸ்டூடியோ அவரை எடுத்துக்கொண்டது. 'ரெட் டஸ்ட்', 'டின்னர் அட் எய்ட்', 'பாம்ப்ஷெல்' என்று அடுத்தடுத்து வந்த படங்களில், வெள்ளிநிறக் கூந்தலுக்குப் பின்னால் நகைச்சுவையில் தேர்ந்த ஒரு நடிகை இருப்பது தெரிந்தது. அவர் கைப்படப் பெயர் எழுதிய புகைப்படம், பழைய ஹாலிவுட் பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கு இன்று எளிதில் அகப்படாத ஒன்று. சின்ன வயதிலேயே போய்விட்டார், அதனால்தான் கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கருத்து. ரசிகர்களுக்கு அனுப்பிய படங்களில் பெரும்பாலானவற்றில் 'ஜீன் ஹார்லோ' என்று எழுதியது அவருடைய தாயார்.

இளம் வயது மரணம்தான் காரணம் என்பவர்கள் ஜேம்ஸ் டீனைக் காட்டுவார்கள். டீன் விஷயத்தில் அது சரிதான். அவர் முதன்மை வேடத்தில் நடித்த முதல் படம் வெளியானது 1955இல். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று கார் விபத்தில் இறந்தார். புகழோடு கையெழுத்துப் போட அவருக்குக் கிடைத்தவை சில மாதங்களே. ஹார்லோவுக்கு அப்படியில்லை, ஏழு ஆண்டுகள் நட்சத்திரமாக இருந்தார், படங்களும் ஏராளமாக ரசிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் பெயர் எழுதிய படங்களுக்குப் பஞ்சமில்லை, அவரே எழுதியவற்றுக்குத்தான் பஞ்சம். அன்றைய ஹாலிவுட்டில் மலையாகக் குவிந்த ரசிகர் கடிதங்களுக்குச் செயலாளர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நடைமுறை. ஹார்லோ வீட்டில் அந்த வேலையைத் தாயார் எடுத்துக்கொண்டார்.

இதை மோசடி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் ஜீன் ஹார்லோ என்பது அந்தத் தாயார் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர். மகளின் இயற்பெயர் ஹார்லீன் கார்ப்பெண்டர். நடிகையாகும் ஆசையோடு 1920களில் மகளையும் கூட்டிக்கொண்டு ஹாலிவுட் வந்த தாயாருக்கு வாய்ப்பு அமையவில்லை. பிறகு துணை நடிகையாகப் பதிவு செய்துகொண்டபோது மகள் கொடுத்தது அம்மாவின் கன்னிப்பெயரை. ஆக, அந்தப் படங்களில் தாயார் எழுதியது ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த பெயரைத்தான். அதனால் மட்டும் அது மகளின் கையெழுத்தாகிவிடாது. வாங்கிய ரசிகர் நம்பியது வேறு. ஆயினும், பணத்துக்காகப் பின்னாளில் யாரோ செய்த போலியோடு இதைச் சேர்த்து வைப்பது நியாயமில்லை. ஸ்டூடியோவே அப்படித்தான் இயங்கியது. 'சரடோகா' படப்பிடிப்பின்போது ஹார்லோ நோயில் விழுந்து இறந்த பிறகு, மிச்சக் காட்சிகளை முதுகு காட்டி நின்ற ஒரு பதிலியையும் இன்னொருவர் குரலையும் வைத்து முடித்தார்கள். அடுத்த மாதமே வெளியான அந்தப் படத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

தாயார் மீதான கோபத்துக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. மதநம்பிக்கையால் மருத்துவரை வீட்டுக்குள் விடாமல் மகளைச் சாகவிட்டார் என்ற கதை பல ஆண்டுகள் உலவியது. ஹார்லோவின் வாழ்க்கையை எழுதிய டேவிட் ஸ்டென் ஆவணங்களைத் தேடிப் பார்த்து, மருத்துவர்கள் கவனித்தே வந்தார்கள் என்று காட்டினார். அவரைக் கொன்றது சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸ் இயந்திரம் வராத காலம் அது.

ஒப்பந்தங்கள், காசோலைகள், தெரிந்தவர்களுக்குப் பெயர் குறித்து எழுதிக் கொடுத்த படங்கள் ஆகியவற்றில்தான் மகளின் கையெழுத்தைத் தேட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கவும் அவையே ஆதாரம். தாயார் எழுதியவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை, 1930களில் நட்சத்திரத் தொழில் எப்படி நடந்தது என்பதற்கு அவை சாட்சி. விற்பவர்கள் 'தாயாரின் கையெழுத்து' என்று வெளிப்படையாக எழுதி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும்.